பங்கிடப்படாத விளைச்சல்: ஒலுவில் வயல்நிலத்தின் காபன் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

கிழக்கிலங்கையின் நெல் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரு பொருள்களையே அளந்துள்ளனர். ஒன்று நீர், மற்றையது நெல்மணி. குளம், அணைக்கட்டு, வாய்க்கால் ஆகியவற்றின் கதை ஒருபுறம். களவெட்டியில் அளந்து பங்கிடப்பட்ட விளைச்சலின் கதை மறுபுறம். நிலவுடைமை பற்றி ஆராய்ந்த முற்போக்கு ஆய்வாளரும் இவ்வெல்லையைத் தாண்டினாரல்லர். போடியார் பெற்றது எவ்வளவு, வயலில் இறங்கி உழைத்தவன் பெற்றது எவ்வளவு, அரசு வரியாகக் கொண்டது எவ்வளவு என்னும் வினாக்கள் இன்றியமையாதன. ஆயினும் இவை யாவும் அறுவடைக்குப் பின் எழும் வினாக்கள். அறுவடைக்கு முன்னரே, பயிர் பச்சையாக நிற்கும் நிலையிலேயே, அதன் உற்பத்தியில் ஒரு பகுதி வேர்வழியாகச் சேற்றுக்குள் இறங்கிவிடுகின்றது. அப்பகுதியை எவரும் அளக்கவில்லை. எவருக்கும் அது பங்கிடப்படவுமில்லை.

அப்பங்கிடப்படாத பகுதியே இக்கட்டுரையின் பொருளாகும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் உயிர் மட்டுமன்று. தான் நிற்கும் மண்ணை ஆக்கிக்கொள்ளும் உயிருமாகும். நெல்லும் வைக்கோலும் ஆண்டுதோறும் அகற்றப்பட்டும் இப்பகுதி வயல்கள் நீண்டகாலம் வளமிழந்து போகாமைக்கு, வேர் மண்ணுக்கு அளித்த காபன் முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. இக்கருத்து இயற்கை விஞ்ஞானத்தோடு தொடர்புடையதாயினும், அதனை விஞ்ஞானிகளிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது. அண்மைக் காலத்தில் இவ்வேர்க் காபனை யார் அளப்பது, எதற்காக அளப்பது, அளந்தபின் யாரைக் குற்றஞ்சாட்டுவது என்பன அரசியல் வினாக்களாகிவிட்டன.

2

ஒலுவில் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் அட்டாளைச்சேனைப் பிரதேசத்தைச் சார்ந்த ஊர். நிந்தவூருக்குத் தெற்கிலும் பாலமுனைக்கு வடக்கிலும் அமைந்தது. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்கள் பலவற்றைப் போன்று இவ்வூரின் குடியிருப்பும் கடலையொட்டிய மணல்மேட்டில் நிற்கின்றது. தென்னையும் வீடும் மணலில். வயல் அதற்கு மேற்கே தாழ்ந்த களிநிலத்தில். பொத்துவில், தம்பிலுவில், கோளாவில், ஒலுவில் என இக்கரையின் ஊர்ப்பெயர்களில் மீண்டும் மீண்டும் வரும் 'வில்' என்னும் ஈறு ஆழமற்ற நீர்நிலையைக் குறிக்கும் வழக்காகும். வயலாவதற்கு முன்னரே நீர் தேங்கி நின்ற நிலம் இது என்பதைப் பெயரே உணர்த்துகின்றது.

இந்நிலத்தின் விளைச்சல் காலந்தோறும் பல கணக்குகளுக்கு உட்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் நெல்லின் மீது தானிய வரி அறவிடப்பட்டது. அது 1892இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்னர், ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய நீர் வழமைகளுக்குச் சட்ட வலுவளித்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டமையும் அக்காலத்துச் செய்தியே. முஸ்லிம் விவசாயி தன் விளைச்சலில் ஸக்காத் அளிக்கக் கடமைப்பட்டவன்: மழையால் விளைந்ததில் பத்திலொன்று, உழைப்பும் செலவும் இட்டு நீர்ப்பாய்ச்சி விளைவித்ததில் இருபதிலொன்று. நிலவுடைமையாளரின் வாரத்துக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் உச்ச எல்லை விதித்தது. பிலிப் குணவர்தனவின் பெயரோடு நினைக்கப்படும் அச்சட்டம் குடியானவனின் உரிமையைப் பேணும் நோக்குடையது.

அரசன், இறைவன், போடியார், குடியானவன் ஆகிய நால்வரின் கணக்கும் மணியோடு முடிந்துவிடுகின்றது. வைக்கோலுக்கும் ஓரளவு கணக்குண்டு. அரிந்த கதிர் உப்பட்டியாகக் கிடந்து, கட்டுகளாகிச் சூடாக அடுக்கப்பட்டு, களவெட்டியில் எருமைகளால் மிதிக்கப்பட்டபின் வைக்கோல் மாட்டுக்கு உணவாயிற்று. அரிதாளும் வேரும் மட்டுமே வயலில் எஞ்சின. அரிதாளை மாடு மேய்ந்தது. அதன் சாணம் மண்ணுக்குத் திரும்பியது. வேரைப் பற்றி எவரும் பேசவில்லை. எருமை கொண்டு சேறு மிதிக்கும்போது அது சேற்றோடு சேறாகியது. வேளாண்மைத் தொழில்சார் சொற்களில் இத்துணை வளமுடைய மட்டக்களப்பு வழக்கில், நிலத்துக்கு மேலுள்ள பயிரின் ஒவ்வொரு பருவத்துக்கும் நிலைக்கும் தனிச்சொல் உண்டு. நிலத்துக்குக் கீழ் நடப்பதைக் குறிக்கச் சொற்கள் அரிதாகவே உள்ளன. காணப்படாதது பெயரிடப்படவில்லை போலும்.

3

நீர்நின்ற வயல்மண்ணின் உள்நிகழ்வை முதன்முதலில் முறைப்படி ஆராய்ந்தோருள் இருவர் தமிழ்நாட்டில் இருந்து பணியாற்றினர் என்பது நம்மிடையே போதிய அளவு அறியப்படாத செய்தி. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில், சென்னை மாகாண அரசின் விவசாய இரசாயன ஆய்வாளராக இருந்த டபிள்யூ. எச். ஹாரிசனும், அவரோடு பணிபுரிந்த பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் சதுப்பு நெல்நிலங்களின் வாயுக்கள் பற்றி 1913 முதல் தொடர் ஆய்வறிக்கைகளை இந்திய விவசாயத் திணைக்களத்தின் வெளியீடுகளாகத் தந்தனர். அத்தொடரின் பிற்பகுதியாக, மெதேனை ஒட்சியேற்றும் பற்றீரியா ஒன்றைப் பற்றிய ஐயரின் ஆய்வு 1920இல் வெளிவந்தது.

அக்காலத்தில் விடைகாணப்படாதிருந்த வினா இதுதான்: நீரில் மூழ்கிய மண்ணில் ஏனைய பயிர்களின் வேர் மூச்சடைத்து அழுகும், நெல்லின் வேர் மட்டும் எவ்வாறு வாழ்கின்றது? வயற்சேற்றிலிருந்து வாயுக்களைச் சேகரித்துப் பகுத்து நோக்கிய இருவரும், அவற்றில் மெதேனும் நைதரசனும் மிகுந்தும், காபனீரொட்சைட்டும் ஐதரசனும் குறைந்தும் இருக்கக் கண்டனர். இவ்விடத்து அவர்கள் செய்த ஒரு செயல் நமது நோக்கில் மிக முக்கியமானது. பயிர் நின்ற மண்ணையும் பயிரில்லா மண்ணையும் அவர்கள் ஒப்பிட்டனர். இரண்டின் வாயுக்களும் ஒன்றாயிருக்கவில்லை. பயிர் நிற்பதே மண்ணின் உள்மூச்சை மாற்றுகின்றது என்பது அவ்வேறுபாட்டால் வெளிப்பட்டது.

சேற்றின் மேற்பரப்பில் படரும் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்றையும் அவர்கள் ஆராய்ந்தனர். அதிலுள்ள நுண்ணங்கிகள் கீழிருந்து எழும் மெதேனையும் ஐதரசனையும் ஒட்சியேற்றுகின்றன. விளையும் காபனீரொட்சைட்டை அல்காக்கள் உட்கொண்டு ஒட்சிசனை வெளிவிடுகின்றன. அவ்வொட்சிசன் நீரோடு இறங்கி வேரை அடைகின்றது என்பது அவர்தம் விளக்கம். பசுந்தாட்பசளையின் நன்மையையும் அவர்கள் இவ்வழியிலேயே விளக்க முற்பட்டனர். இவ்விளக்கத்தின் ஒரு பகுதி பின்னர் திருத்தம் பெற்றது. நெற்பயிர் தனது தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியாக, இலையிலிருந்தே ஒட்சிசனைக் கீழே கொண்டுசெல்கின்றது என்பதும், வேருக்கு மூச்சு முதன்மையாக அவ்வழியே கிடைக்கின்றது என்பதும் பிற்கால ஆய்வுகளால் தெளிவாயின. ஆயினும் மெதேனை உண்ணும் உயிர்கள் வயலின் மேற்பரப்பில் வாழ்கின்றன என்ற கோயம்புத்தூர்க் கண்டுபிடிப்பு இன்றும் நிலைத்து நிற்கின்றது.

அவர்கள் காணாது விட்டது ஒன்றுண்டு. சேற்றில் பிறக்கும் வாயுக்களின் காபன், வயலில் இட்டு உழுத தழையிலிருந்தும் மண்ணின் பழைய உக்கலிலிருந்தும் வருவதாகக் கொள்ளுதல் அன்றைய இயல்பான எண்ணம். எதிரே நிற்கும் பச்சைப் பயிரே அதற்கு மூலமாகலாம் என்று ஐயுறுவதற்குரிய கருவி அன்று இருக்கவில்லை. காபனின் ஓர் அணுவுக்கும் இன்னோர் அணுவுக்கும் வேறுபாடு காணும் வழி பிறக்கும்வரை அவ்வினா காத்திருக்க வேண்டியதாயிற்று.

4

சமதானிகளைச் சுவடாகப் பயன்படுத்தும் முறை அவ்வழியைத் திறந்தது. காபன் 13 அல்லது காபன் 14 கொண்ட காபனீரொட்சைட்டை நெற்பயிரின் இலைகளுக்கு ஒரு மூடிய அறையில் ஊட்டி, அது பின்னர் எங்கெங்கு தோன்றுகின்றது என்று தேடுவதே இம்முறை. யப்பானில் நகோயாப் பல்கலைக்கழகத்தில் மக்கோட்டோ கிமுராவும் அவர்தம் குழுவினரும் 1990களில் இவ்வாறு நடத்திய ஆய்வுகளில், இலை உட்கொண்ட காபன் குறுகிய காலத்திலேயே வேர்வழி மண்ணுக்குள் வந்து, நுண்ணங்கிகளின் உடலிலும் மெதேனிலும் தோன்றியது. செருமனியில் மார்பூர்க்கிலுள்ள மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யாஹாய் லூவும் ரால்ப் கொன்றாடும் 2005இல் ஒருபடி மேற்சென்றனர். வேரைச் சூழ்ந்து வாழும் மெதேனாக்கிகளுள் எந்தக் குலம் பயிரின் புதிய காபனைத் தன்னுடலில் சேர்க்கின்றது என்பதைப் பெயர் குறிப்பிட்டுச் சுட்ட அவர்களால் இயன்றது.

நிகழ்வது இதுதான். இலையில் ஒளித்தொகுப்பால் உண்டாகும் வெல்லத்தில் ஒரு பகுதி வேருக்கு இறங்குகின்றது. அதிற் சிறிது வேரின் உடலாகின்றது. சிறிது வேரின் சுவாசத்தில் செலவாகின்றது. எஞ்சியது வெல்லமாகவும் அமினோவமிலமாகவும் சேதன அமிலமாகவும் வேரிலிருந்து கசிகின்றது. வேர்நுனி சளிபோன்ற பசையைச் சுரக்கின்றது. வேரின் மேற்புறக் கலங்கள் உதிர்கின்றன. நுண்வேர்கள் பயிர் நிற்கும்போதே இறந்து புதியன தோன்றுகின்றன. நாற்றுப் பருவத்தில் குறைவாயுள்ள இக்கசிவு பூக்கும் பருவம்வரை ஏறி, பின்னர் முற்றும் பருவத்தில் தணிவதைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருக்கங்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டின. வருக்கத்துக்கு வருக்கம் அளவு வேறுபடுகின்றது. நெடிய மரபு வருக்கங்கள் சில மிகுதியாகக் கசிந்தன.

மேட்டுநிலத்தில் இக்காபன் விரைவில் எரிந்துவிடும். நீர்நின்ற மண்ணில் நிலை வேறு. வாயுவில் பரவுவதைவிட நீரில் ஒட்சிசன் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகின்றது. ஆதலின் சேற்றின் மேலுள்ள சில மில்லிமீற்றருக்குக் கீழ் அது செல்வதில்லை. கீழுள்ள நுண்ணங்கிகள் முதலில் நைத்திரேற்றையும், பின்னர் மங்கனீசையும் இரும்பையும், அதன்பின் சல்பேற்றையும், இறுதியில் காபனீரொட்சைட்டையே பயன்படுத்தி வாழ்கின்றன. இவ்வொழுங்கை முழுமையாக வகுத்து எழுதியவர் இலங்கையரான எப். என். பொன்னம்பெருமா. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், நீரில் மூழ்கிய மண்களின் இரசாயனம் பற்றி 1972இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இன்றளவும் இத்துறையின் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகின்றது. கடைசிப் படியில் பிறப்பதே மெதேன். வேரிலிருந்து வெளிப்படும் சிறிதளவு ஒட்சிசன் வேரைச் சுற்றி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. நல்ல வயலில் பிடுங்கிய பயிரின் வேர் செந்நிறமாகவும், கெட்ட சேற்றில் பிடுங்கியது கறுத்து நாறுவதாகவும் இருப்பதை நெல் விளைவிக்கும் எவரும் கண்டிருப்பர். அவர்கள் கண்டது இவ்விரசாயனத்தையே.

மண்ணில் இறங்கிய காபனுக்கு மூன்று கதிகள் உண்டு. பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகத் திரும்புகின்றது. ஒரு பகுதி மெதேனாகின்றது. எஞ்சும் சிறு பகுதி நுண்ணங்கிகளின் உடலாகி, அவை இறந்தபின் களியோடும் இரும்போடும் பிணைந்து நெடுங்காலம் தங்குகின்றது. மூன்றாவது கதியே வயலின் வளம். இரண்டாவது கதியே இன்று உலகம் பேசும் குற்றம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவன என்பதை மறந்துவிட்டு ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவதால் பல குழப்பங்கள் நேர்கின்றன.

அளவைப் பற்றி ஒரு தோராயமான கணக்கு இடலாம். ஹெக்டேயருக்கு 4 தொன் நெல்லும் அதே அளவு வைக்கோலும் விளைந்தன எனக் கொள்வோம். அறுவடையின்போது வேரின் உலர்நிறை நிலத்துக்கு மேலுள்ளதில் பத்திலொன்று எனவும், வைக்கோலில் கால்பங்கு அரிதாளாக நின்றுவிட்டது எனவும், உலர்பொருளில் ஏறக்குறைய 40 வீதம் காபன் எனவும் கொண்டால், வேர் 320 கிலோகிராமும் அரிதாள் 400 கிலோகிராமும் காபனை வயலில் விட்டுச்செல்கின்றன. பயிர் நின்ற காலத்தில் கசிந்ததும் உதிர்ந்ததும் இதற்கு மேலானவை. மூன்று மாடுகளும் ஒரு வண்டியும் கொண்ட விவசாயி ஒருவன் இதே அளவு காபனை எருவாகச் சுமந்துவந்து கொட்ட எத்தனை நாள் உழைத்திருக்க வேண்டும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். இவ்வாறு தங்கும் காபன் உண்மையில் மண்ணைக் காக்கப் போதுமானதா? அதற்கு விடை லொஸ் பஞ்ஞோஸிலுள்ள நெடுங்காலப் பரிசோதனை வயலிலிருந்து கிடைத்தது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1963இல் தொடங்கிய அவ்வயலில் 1968 முதல் ஆண்டுக்கு மூன்று போகம் நெல் விளைவிக்கப்பட்டது. மேலுள்ள வைக்கோல் அகற்றப்பட்டது. ஆயினும் மண்ணின் சேதனக் காபன் பத்தாண்டுகள் பல கடந்தும் குறையவில்லை என 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. வேரும் அரிதாளும் நீர்ப்பாசியும் மட்டுமே அதனைக் காத்திருக்க முடியும். வைக்கோலைக் களவெட்டிக்குக் கொண்டுசென்ற பழைய ஒலுவில் வயலுக்கும் இவ்வுண்மை ஓரளவு பொருந்தும் எனலாம். முழுமையாகப் பொருந்தும் எனக் கூறவியலாது; ஏனெனில் நீரின் வரலாறு இரண்டிடத்தும் ஒன்றன்று.

5

பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய கல்லோயாத் திட்டம் அம்பாறைக் கரையின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தது. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் சட்டமூலம் நிறுவப்பட்டது; சேனநாயக்க சமுத்திரம் 1951இல் நீர் தேக்கத் தொடங்கியது. இதன் குடியேற்ற அரசியல், 1956இன் வன்செயல், கரும்புச் செய்கைக்கெனக் காணி இழந்த தமிழ்பேசும் விவசாயிகளின் முறைப்பாடுகள் ஆகியன தனித்தனி ஆய்வுகளுக்குரியவை. அவற்றின் முக்கியத்துவத்தைக் குறைத்துக் கூறுவது எமது நோக்கமன்று. மண்ணுக்குள் நேர்ந்த மாற்றத்தை மட்டும் இங்கு குறிப்பிடுவோம்.

மழையையும் சிறு குளங்களையும் நம்பிய காலத்தில் நிலத்தின் பெரும்பகுதி மாரியில் ஒருமுறை நனைந்து, கோடையில் பல மாதம் காய்ந்து வெடித்தது. வெடிப்புகளின் வழியே காற்று இறங்கி, பயிர் விட்டுச்சென்ற காபனில் ஒரு பகுதியை எரித்தது. அவ்வாறு எரியும்போது அதிற் கட்டுண்டிருந்த நைதரசன் விடுபட்டு அடுத்த மாரிப் பயிருக்குக் கிடைத்தது. வெளியிலிருந்து பசளை வாராத காலத்தில் விளைச்சல் குறைவாயினும் அறாது வந்தமைக்கு இச்சுழற்சியே காரணம். இருபோகப் பாசனம் வந்தபின் சேறு ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே நின்றது. காபன் மெதுவாகவே சிதைந்தது. அதனோடு நைதரசனும் கட்டுண்டது. லொஸ் பஞ்ஞோஸ் வயலிலும், இடைவிடாது நீர்நின்ற மண்ணில் காபன் குறையாதிருந்தும், அதிலுள்ள நைதரசன் பயிருக்குக் கிடைப்பது தளர்ந்ததை ஆய்வாளர் கண்டனர். மரச்சத்துப் பொருளான லிக்னின் ஒட்சிசனின்றி முழுமையாகச் சிதைவதில்லை. அதன் எச்சங்கள் நைதரசனைப் பிடித்துவைக்கின்றன என்பது அவர்தம் விளக்கம். புதிய வருக்கங்களும் அசேதனப் பசளையும் ஒருங்கே வந்தமை வெறும் வணிகச் சூழ்ச்சியன்று. வணிகமும் அதில் இருந்தது. மண்ணின் புதிய நிலையும் அதனை வேண்டிற்று.

கல்லோயாவின் வாய்க்கால்களில் கடைமடைக்கு நீர் சேர்வது எப்போதும் உறுதியானதாக இருக்கவில்லை. இடதுகரைப் பகுதியில் கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் 1980களின் முற்பகுதியில் நடத்திய நீர்முகாமைத் திட்டம் விவசாயிகளைக் குழுக்களாகத் திரட்டி இக்குறையைத் தீர்க்க முயன்றது. அத்திட்டத்தில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹொப், பின்னர் மடகஸ்காரில் உருவான செறிவு நெற்செய்கை முறையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவரானார். வயலை எப்போதும் நீரில் மூழ்கவைக்காது, நனைத்தும் காயவிட்டும் பயிர் வளர்ப்பது அம்முறையின் ஒரு கூறு. வயலை இவ்வாறு பலமுறை காயவிட்டால் மெதேன் வெளியேற்றம் ஏறக்குறைய பாதியாகும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. நீர் முறையாக வராமையால் இடையிடையே வயல் காயப்பெற்ற கடைமடை விவசாயி, எவரும் கற்பியாமலே இதனைச் செய்துவந்தான். அவனுக்கு அது தண்டனையாக நேர்ந்தது. ஆய்வாளருக்கு அது முறையாயிற்று.

6

வயலிலிருந்து வெளியேறும் மெதேனை நேரடியாக அளந்த ஆய்வு 1981இல் சிசெரோன், ஷெட்டர் ஆகியோரால் கலிபோர்னியாவிலிருந்து வெளியிடப்பட்டது. வாயுவில் பெரும்பகுதி பயிரின் உட்குழாய் வழியாகவே வெளியேறுவதை அவர்கள் கண்டனர். மெதேனுக்கு உணவிட்ட பயிரே அதற்குப் புகைபோக்கியுமாயிற்று. தொடர்ந்து ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அளவீடுகள் நிகழ்ந்தன. பின்னர் நேர்ந்ததே நமது கவனத்துக்குரியது. குளிர்நாட்டு வயல்கள் சிலவற்றின் அளவுகளை ஆசியப் பரப்பால் பெருக்கி, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 இலட்சம் தொன் மெதேனை வெளிவிடுவதாக ஐக்கிய அமெரிக்காவின் சூழல் நிறுவனம் மதிப்பிட்டது. புதுடில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் பராசரும் ஏனையோரும் 1991இல் இந்தியாவின் பல பகுதிகளில் வயலிலிறங்கி அளந்தபோது ஏறத்தாழ 40 இலட்சம் தொன் மட்டுமே தேறியது. அதே ஆண்டில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வெளியிட்ட சிறுநூல், உயிர்வாழ்வதற்கென வெளிப்படும் வாயுவையும் சுகபோகத்துக்கென வெளிப்படும் வாயுவையும் ஒரே தராசில் நிறுக்கும் கணக்கை வன்மையாகக் கண்டித்தது.

இதனால் மெதேன் பொருட்டன்று எனக் கூறிவிட முடியாது. மனிதச் செயல்களால் வெளிப்படும் மெதேனில் நெல்வயலின் பங்கு இன்று ஏறக்குறைய 8 வீதம் எனக் கொள்ளப்படுகின்றது. நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட 27 மடங்குக்குக் குறையாத வெப்பமூட்டும் வலுவுடையது. கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஒலுவிலுக்கு இது அயலார் பிரச்சினையன்று. எனினும், தீர்வுகள் எத்திசையில் தேடப்படுகின்றன என்பதை நோக்குதல் வேண்டும். வாற்கோதுமையின் ஒரு பரம்பரையலகை நெல்லிற் புகுத்தி, வேருக்கு இறங்கும் காபனை மணிக்கும் தண்டுக்கும் திருப்பிய வருக்கமொன்று 2015இல் அறிவிக்கப்பட்டது. அதன் மெதேன் பெரிதும் குறைந்தது. மணியில் மாச்சத்து மிகுந்தது. மண்ணுக்குரிய பங்கைத் திட்டமிட்டுக் குறைக்கும் முதற் பயிர் இது என்றால் மிகையாகாது. அப்பயிர் பல போகம் நின்ற மண்ணின் நிலை என்னவாகும் என்ற வினா, வயலின் சொந்தக்காரனால் அன்றி வேறு யாரால் முதலிற் கேட்கப்பட வேண்டும்?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், கதிரிலிருந்து பூக்களை அகற்றியபோது வயலின் மெதேன் உயர்ந்தது. மணியில் இடம் பெறாத காபன் வேருக்கு இறங்கியதே காரணம். பதர் மிகுந்த போகத்தில் விவசாயி இழந்தது மண்ணுக்கும் காற்றுக்கும் போய்ச் சேர்கின்றது. ஆதலின் மணி நன்கு நிறையும்படி பயிருக்கு ஊட்டமளிப்பதும் மெதேனைக் குறைக்கும் ஒரு வழியே. அதற்குப் பயிரின் இயல்பை மாற்ற வேண்டியதில்லை.

இப்பின்னணியில் 2021ஆம் ஆண்டின் நிகழ்வைக் கருத வேண்டும். அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கை அரசு அசேதனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடையில் வந்த பெரும்போகம் நாடெங்கும் கடும் விளைச்சல் வீழ்ச்சியைக் கண்டது. தடையை ஆதரித்தோர் சேதனப் பொருளைப் புகழ்ந்தனர். எதிர்த்தோர் அதனை எள்ளி நகையாடினர். இருதரப்பினரும் காபனையும் நைதரசனையும் ஒன்றெனவே கொண்டனர். ஹெக்டேயருக்கு 4 தொன் நெல் விளைவிக்க 60 தொடக்கம் 80 கிலோகிராம் நைதரசனைப் பயிர் உட்கொள்ளும். ஒரு வீதம் நைதரசனுள்ள கூட்டெருவால் அதனை முழுமையாக ஈடுசெய்ய 6 தொடக்கம் 8 தொன் தேவை. அதுவும் ஒரே போகத்தில் முழுவதும் விடுபடாது. மறுபுறம், காபனைப் பொறுத்தவரை வயல் ஏற்கெனவே தனக்கு வேண்டியதில் கணிசமான பகுதியைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. பற்றாக்குறை ஓரிடத்தில் இருக்க, பரிகாரம் வேறோரிடத்துக்கு வகுக்கப்பட்டது. அதன் விலையைச் செலுத்தியவன் பசளைக் கடனைத் தலையிற் சுமந்திருந்த சிறு விவசாயி.

வைக்கோல் பற்றிய இன்றைய நிலையும் இதனோடு இணைந்தது. எருமையும் உழவு இயந்திரமும் சூடு மிதித்த காலம் போய், அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து வைக்கோலை அவ்விடத்திலேயே உதறிச் செல்கின்றது. களவெட்டிக்குப் போன காபன் இவ்வாறு முதன்முறையாக வயலிலேயே தங்கும் வாய்ப்புப் பெற்றது. ஆயின், பல இடங்களில் அது தீயிடப்படுகின்றது. காபனும் நைதரசனும் புகையாய்ப் போக, பொற்றாசியம் பெரும்பாலும் சாம்பலில் எஞ்சுகின்றது. தீயிடாது, நீர்பாய்ச்சும் தறுவாயில் பச்சையாக உழுதுவிட்டால் மெதேன் பெருகும். செய்கைக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன்னரே காய்ந்த மண்ணில் உழுதுவிட்டால், அதே வைக்கோலால் எழும் மெதேன் ஐந்திலொரு பங்களவுக்குக் குறையும் எனக் காலநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பு முறை கொள்கின்றது. முப்பது நாள் இடைவெளி இருபோகக் காரனுக்கு எளிதிற் கிடைப்பதன்று. வாய்க்கால் திறக்கும் திகதியை அவன் தீர்மானிப்பதில்லை; ஆரம்பக் கூட்டத்தின் முடிவுக்கு அவன் கட்டுப்பட்டவன். வேரின் இரசாயனம் இவ்வாறு நீராட்சியின் திகதியோடு பிணைந்து நிற்கின்றது.

ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அதன் எல்லைக்கு அப்பால் வயல். வாய்க்காலின் தலைமடை, கடைமடை ஆகிய இரண்டிலும் சில வயல்களைத் தெரிந்து, மாரி விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் மண்ணின் காபனையும் நைதரசனையும், பூக்கும் பருவத்தில் வேரின் நிறையையும், போகம் முழுவதும் நீர் நின்ற நாள்களையும் பதிவு செய்யலாம். மெதேனை அளக்க ஒளிபுகும் பெட்டியும் ஊசிக்குழாயும் வாயுப் பகுப்புக் கருவியும் போதும். அவற்றோடு, ஒவ்வொரு வயலிலும் நிலம் யாருடையது, வாரம் எவ்வளவு, வைக்கோல் யாரிடம் போயிற்று என்பதும் அதே ஏட்டில் எழுதப்படல் வேண்டும்.